வாசகர் கேள்வி – பதில்: போர்குண்ட் மரத் தேவாலயம்

சென்ற இதழின் பயணப் பக்கத்தில் நார்வே நாட்டின் போர்குண்ட் மரத் தேவாலயத்துப் படம் ஒன்றை வெளியிட்டிருந்தோம். படத்தின் கீழ் இருந்த சிறு குறிப்பு போதவில்லை என்று பலர் எழுதியிருப்பதால், இம்முறை இப்பகுதி முழுவதையும் அந்த ஒரு கட்டடத்துக்கே ஒதுக்குகிறோம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒருவருடைய கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

மழையும் பனியும் ஓயாத நாட்டில், வெறும் மரத்தால் கட்டிய ஒரு கிராமத்துத் தேவாலயம் எண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் எப்படி நிற்கிறது? எங்கள் வீட்டுத் தேக்குக் கதவின் அடிப்பாகமே சில ஆண்டுகளில் இற்றுப்போய்விட்டது.
– கட்டடப் பொறியியல் மாணவர், திருச்சி

கதவின் அடிப்பாகம் என்று நீங்களே குறிப்பிட்டுவிட்டீர்கள். மரக் கட்டடத்தின் ஆயுள் முடிவாவது பெரும்பாலும் அங்கேதான். நார்வேயில் கிறிஸ்தவம் பரவிய 11ஆம் நூற்றாண்டில் எழுந்த முதல் தேவாலயங்களில் தூண்களை மண்ணில் குழி தோண்டி நட்டார்கள். ஈர மண்ணுக்குள் நின்ற பாகம் அழுகியதும் தூண் சாய்ந்தது, கட்டடமும் போயிற்று. அக்காலத் தேவாலயங்களில் ஒன்றுகூட இன்று நின்ற நிலையில் இல்லை. அகழாய்வில் அவற்றின் தூண் குழிகள் மட்டுமே கிடைக்கின்றன.

அடுத்த தலைமுறைத் தச்சர்கள் தூணை மண்ணிலிருந்து வெளியே எடுத்தார்கள். போர்குண்டில் முதலில் கற்களை அடுக்கி மேடையிட்டு, அதன்மேல் பருமனான உத்தரங்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு ஒரு கிடைச்சட்டம் அமைத்திருக்கிறார்கள். தூண்கள் அந்தச் சட்டத்தின்மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. கட்டடத்தின் எந்த மரமும் மண்ணைத் தொடுவதில்லை. சுவரும் அதே கணக்கில் எழுந்தது. அடிச்சட்டத்தில் காடி என்னும் நீளப் பள்ளம் எடுத்து, அதில் செங்குத்துப் பலகைகளை ஒன்றன்பின் ஒன்றாக இறக்கி, ஒரு பலகையின் விளிம்பு நாக்கை அடுத்த பலகையின் காடிக்குள் செருகி, மேலே இன்னொரு சட்டத்தால் மூடிவிட்டார்கள். மூலைத் தூண்களின் அடியைக் குடைந்து, இரு அடிச்சட்டங்கள் சந்திக்கும் பொருத்துவாயின்மேல் தொப்பி போல் கவிழ்த்திருப்பதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். தண்ணீர் எளிதில் புகக்கூடிய மூட்டு அது. அதைத் தூணே குடையாக நின்று காக்கிறது.

நடுக்கூடத்தின் உயரம் காற்றை எப்படித் தாங்குகிறது என்பது பொறியியல் மாணவரான உங்களுக்கு இன்னும் சுவையாக இருக்கும். கூடத்தைச் சுற்றி வரிசையாக நிற்கும் தூண்களை, பாதி உயரத்துக்கு மேலே, இரண்டு கிடைச்சட்டங்கள் வளையம்போல் பிணைத்து நிற்கின்றன. அவ்விரண்டுக்கும் இடையே பெருக்கல் குறி வடிவில் குறுக்குக் கட்டைகள். தூணுக்குத் தூண் வளைந்த முழங்கைக் கட்டைகள் வேறு. இந்த முழங்கைகளைப் பலகையில் வளைவாக அறுத்தெடுக்கவில்லை. வேரும் அடிமரமும் சேருமிடத்தில் இயல்பாகவே வளைந்து வளர்ந்த மரத்திலிருந்து எடுத்தார்கள். அதனால் மரத்தின் இழை வளைவோடு சேர்ந்தே ஓடுகிறது, விசை வரும்போது பிளப்பதில்லை. கப்பல் கட்டுவோர் நன்கு அறிந்த உத்தி இது. மூட்டுகளைப் பிணைப்பவை பெரும்பாலும் மர முளைகளே. ஆகவே புயலில் சட்டகம் சற்றே அசைந்து கொடுத்து மீண்டும் நிலைக்கு வருகிறது. பக்கவழிகளின் தாழ்ந்த கூரைகள் நான்கு புறமும் நடுக்கூடத்துக்கு முட்டுக்கொடுத்து நிற்கின்றன.

கட்டடத்தைச் சுற்றி வெளியே ஓடும் தாழ்வாரத்தைப் பலர் வெறும் நடைபாதை என்று நினைக்கிறார்கள். சாரல் அடிச்சட்டத்தில் படாமல் தடுப்பது அதன் முதன்மையான பயன்களில் ஒன்று என்பது என் கருத்து. அடிச்சட்டத்தின் இன்றைய நிலையே அதற்குச் சான்று.

மரத் தேர்வைப் பற்றியும் சொல்ல வேண்டும். மெதுவாக வளர்ந்து வைரம் பாய்ந்த பைன் மரம், பிசின் செறிந்தது. அதன்மேல் பூசப்படும் தாரும் பைனிலிருந்தே வருகிறது. பிசின் மிகுந்த அடிக்கட்டைகளையும் வேர்களையும் மூடிய சூளையில் காற்றுக் குறைவாகப் புகையவிட்டு வடித்தெடுக்கும் மரத்தார் அது. நம் சாலைகளில் ஊற்றும் தாரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். வெயில் படும் தெற்குப் பக்கத்தில் அது விரைவில் உலர்ந்து உருகி வழிந்துவிடும், ஆகவே அங்கே அடிக்கடி பூச வேண்டும். பூச்சு தவறியிருந்தால் மேற்சொன்ன தச்சு நுணுக்கம் எதுவும் காப்பாற்றியிருக்காது. கூரையின் செதில் பலகைகளும் வெளிப்புறத் தாழ்வாரத்தின் பாகங்களும் காலந்தோறும் மாற்றப்பட்டவை. சட்டகமும் சுவரும்தான் பெரும்பாலும் பழையவை.

ஒரு சிறு திருத்தம்: மழை ஓயாத நாடு என்பது மேற்கு நார்வேயின் கடற்கரைக்கு முற்றிலும் பொருந்தும். ஆனால் போர்குண்ட் இருக்கும் லேர்டால் பள்ளத்தாக்கு மலைகளின் மழைமறைவில் கிடப்பது. அப்பகுதியிலேயே மழை மிகக் குறைந்த இடங்களில் ஒன்று. தச்சரின் திறமைக்குப் புகழ் பாடும்போது இந்த அதிர்ஷ்டத்தையும் கணக்கில் சேர்ப்பதுதான் நியாயம்.

கட்டிய ஆண்டைச் சொல்லும் கல்வெட்டு ஏதும் இல்லாதபோது 12ஆம் நூற்றாண்டு என்று எப்படித் துணிந்து சொல்கிறார்கள்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தாரமங்கலம்

மரத்தின் ஆண்டு வளையங்களைக் கொண்டுதான். குளிர்நாட்டு மரத்தில் ஆண்டுக்கு ஒரு வளையம் உருவாகும். நல்ல கோடையில் அகலமாகவும் மோசமான கோடையில் குறுகலாகவும் இருக்கும். ஒரு வட்டாரத்து மரங்கள் எல்லாவற்றிலும் இந்த அகலமும் குறுகலும் ஒரே வரிசையில் அமையும் என்பதால், ஆண்டு தெரிந்த மரங்களின் வரிசையோடு ஒப்பிட்டு, ஆண்டு தெரியாத மரத்தின் காலத்தைப் பொருத்திவிடலாம். பட்டையை ஒட்டிய கடைசி வளையம் சிதையாமல் இருந்தால், மரம் விழுந்த ஆண்டோடு பருவமும் தெரிந்துவிடும். போர்குண்டின் மரங்கள் 1180–81 குளிர்காலத்தில் வெட்டப்பட்டவை என்பது இப்படித்தான் தெரிய வந்தது. வேலை அதற்குப் பின் விரைவில் தொடங்கியிருக்க வேண்டும். தேவாலயம் திருத்தூதர் அந்திரேயாவின் பெயரில் அர்ப்பணிக்கப்பட்டது.

தேவாலயத்தின் கூரை முகட்டில் டிராகன் தலைகள் எதற்கு? பழைய நார்வே தெய்வங்களின் கோயிலைத்தான் பின்னால் தேவாலயமாக மாற்றிவிட்டார்கள் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள்.
– வாசகி, நாகர்கோவில்

கோயிலை மாற்றினார்கள் என்பதற்கு ஆதாரம் இல்லை. மரங்கள் வெட்டப்பட்ட 1180–81ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நார்வேயைக் கிறிஸ்தவ நாடாக்கியதில் பெரும்பங்கு வகித்த அரசர் ஓலாவ் ஹரால்ட்சன் ஸ்டிக்லஸ்டாட் போரில் இறந்தது 1030இல். ஆகவே போர்குண்டில் உளி பிடித்தவர்களின் பாட்டன்மார்களே கிறிஸ்தவர்களாகப் பிறந்திருக்க வாய்ப்புண்டு. கட்டடத்தின் அமைப்பும், உயர்ந்த நடுக்கூடம், தாழ்ந்த பக்கவழி, கிழக்கே திருப்பீடப் பகுதி என்று, அக்கால ஐரோப்பாவின் கல் தேவாலயங்களுடைய அமைப்பையே மரத்தில் கொண்டு வந்தது.

டிராகன்கள் மேலடுக்குக் கூரைகளின் முகட்டு முனைகளில் வாயைப் பிளந்துகொண்டு வெளியே நீண்டிருக்கின்றன. கீழடுக்குகளில் அந்த இடத்தில் சிலுவைகள். தீயவை அண்டாமல் காக்கும் காவல் உருவங்கள் என்பது வழக்கமான விளக்கம். ஆனால் பூதமும் விலங்கும் தேவாலயத்தின் வெளிப்புறத்தில் இருப்பது நார்வேக்கு மட்டும் உரியதன்று. அதே நூற்றாண்டில் பிரான்சிலும் இங்கிலாந்திலும் எழுந்த கிராமத்துக் கல் தேவாலயங்களின் கூரை விளிம்பெங்கும் விசித்திர முகங்கள் இருக்கின்றன. மேற்கு வாயில் நிலையின் இருபுறமும் கொடிகளுக்குள் பின்னிக் கிடக்கும் டிராகன்களும் ஐரோப்பிய வேலைப்பாட்டை உள்ளூர்ச் சுவையோடு செய்தவையே. டிராகன் என்றாலே பழைய மதம் என்று முடிவு கட்டுவது சுற்றுலா விளம்பரத்துக்கு நல்லது, வரலாற்றுக்கு ஆகாது.

பழைய நம்பிக்கை அடியோடு மறைந்துவிட்டதா என்றால், அதுவும் இல்லை. மேற்குத் தாழ்வாரத்துச் சுவரில் ரூன் எனப்படும் பழைய வட ஐரோப்பிய எழுத்துகளில் ஒரு கீறல் இருக்கிறது. ஓலாவ் திருநாளுக்கு முந்தைய மாலை இவ்வழியே சென்ற தோரிர் என்பவன் இதைக் கீறினான் என்றும், நோர்ன்கள் நன்மையும் செய்தார்கள் தீமையும் செய்தார்கள், எனக்குப் பெருந்துன்பத்தை வகுத்தார்கள் என்றும் அது சொல்கிறது. நோர்ன்கள் பழைய நார்வே நம்பிக்கையில் மனிதரின் விதியை வகுக்கும் பெண் தெய்வங்கள். ஓலாவ் திருநாளோ ஜூலை 29, புனிதராக வணங்கப்பட்ட அதே அரசரின் நினைவு நாள். ஒருவன் கிறிஸ்தவப் புனிதரின் நாளை வைத்துத் தேதி குறிக்கிறான், தேவாலயத்துச் சுவரில் எழுதுகிறான், தன் துன்பத்துக்கோ நோர்ன்களை நோகிறான். அந்தப் பெயர்கள் வழிபாடாக இல்லாமல், நாம் தலைவிதி என்று சொல்வதுபோல் பேச்சு வழக்காக மட்டும் தங்கியிருந்திருக்கலாம் என்பது என் எண்ணம். அதே கட்டடத்தில் ‘ஆவே மரியா’ என்ற மன்றாட்டும் ரூன் எழுத்துகளில் கீறப்பட்டிருக்கிறது.

உள்ளே என்ன இருக்கிறது? வெளியிலிருந்து பார்த்தால் ஜன்னலே தெரியவில்லையே!
– இல்லத்தரசி, சேலம்

ஜன்னல் என்று சொல்லத்தக்கது இல்லைதான். சுவரின் உச்சியில், கூரைக்கு அடியில், சிறு வட்டத் துளைகள் மட்டும் உண்டு. அவை தரும் ஒளி கீழே தரைக்கு வருவதற்குள் மங்கிவிடும். திருப்பீடத்தில் மெழுகுவத்தி எரிய, ஊரார் நின்றபடியே வழிபாடு கேட்ட காலத்துக் கட்டடம் அது. அக்காலத்தில் இருக்கை வரிசைகள் இல்லை. கண் இருட்டுக்குப் பழகியபின் அண்ணாந்து பார்த்தால், தூண்களின் தலைப்பில் மனித முகமும் விலங்கு முகமுமாகச் செதுக்கிய உருவங்கள் தெரியும். அத்தனை உயரத்தில், அந்த இருட்டில், அவற்றை யார் பார்ப்பார்கள் என்று செதுக்கினார்களோ!

பிற்காலத்தவற்றில் 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பிரசங்க மேடையும், 1654இல் செய்த பீடத்து ஓவியமும் இருக்கின்றன. தேவாலயத்துக்கு அருகில் தனியே நிற்கும் மர மணிக்கூண்டையும் தவறவிடக் கூடாது. சட்டகத்தை அசையவிட்டு நிறுத்திய கட்டடத்தின் உச்சியில் கனத்த மணியை ஆடவிடுவதில் உள்ள ஆபத்தை அந்தத் தச்சர்கள் உணர்ந்தே மணியைத் தனிக் கூண்டுக்கு மாற்றினார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

தரங்கம்பாடியை ஆண்ட டென்மார்க்தான் நார்வேயையும் ஆண்டது என்று படித்திருக்கிறேன். அக்காலத்தில் இத்தேவாலயங்களுக்கு என்ன நேர்ந்தது? ஆயிரத்துக்கு மேல் இருந்தவை இருபத்தெட்டாகக் குறைந்தது எப்படி?
– வரலாற்று ஆர்வலர், மயிலாடுதுறை

நீங்கள் படித்தது சரி. நார்வே 1380 முதல் 1814 வரை டென்மார்க் அரசரின் கீழ் இருந்தது. தஞ்சை ரகுநாத நாயக்கரோடு 1620இல் ஒப்பந்தம் செய்து தரங்கம்பாடியில் டேன்ஸ்போர்க் கோட்டையைக் கட்டிய கிறிஸ்டியன் IV, நார்வேக்கும் அரசர்தான்.

சரிவு அதற்கு வெகுமுன்பே தொடங்கிவிட்டது. 1349இல் பெர்கன் துறைமுகத்தின் வழியாக வந்த கொள்ளைநோய், நாட்டு மக்களில் பாதிப் பேரையோ அதற்கு மேலோ கொண்டுபோயிற்று என்று வரலாற்றாளர் கணிக்கின்றனர். பண்ணைகள் பாழாயின, பங்குகள், அதாவது ஒவ்வொரு தேவாலயத்துக்கும் உட்பட்ட வட்டாரங்கள், ஆளற்றுப் போயின, பல தேவாலயங்கள் கவனிப்பாரின்றி விழுந்தன. புதியவை கட்டுவதும் ஏறக்குறைய நின்றது. 1536–37இல் அரசர் லூத்தரன் மரபை நாட்டின் மதமாக்கியபின் வழிபாட்டின் மையம் பிரசங்கம் ஆயிற்று. மக்கள் உட்கார்ந்து நெடுநேரம் கேட்க இருக்கையும், பாடல் நூலைப் பார்த்துப் படிக்க வெளிச்சமும் வேண்டியிருந்தன. சுவரை அறுத்து ஜன்னல் வைத்தார்கள். குளிருக்காக உட்கூரை போட்டார்கள். மேல்மாடி இருக்கைகள் சேர்த்தார்கள். போர்குண்டும் இதற்கு விலக்கன்று.

தரங்கம்பாடியோடு இன்னொரு தொடர்பும் உண்டு. 1706இல் சீகன்பால்குவையும் புளூட்சோவையும் அங்கே அனுப்பிவைத்த அரசர் பிரெட்ரிக் IV, சுவீடனோடு நடந்த நீண்ட போரின் கடனை அடைக்க 1720களில் நார்வேயின் கிராமத் தேவாலயங்களைத் தனியாருக்கு விற்றார். வாங்கியவர்களுக்குத் தேவாலயத்தின் வருமானத்தில் உரிமை, பராமரிப்பில் கடமை. வருமானத்தை வாங்கிக்கொண்டு கடமையை மறந்தவர்கள் பலர் இருந்தார்கள் என்பதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கடல் கடந்து மதத்தைப் பரப்ப ஆள் அனுப்பிய அரசர், சொந்த நாட்டுக் கிராமத் தேவாலயங்களைக் கடனுக்கு விற்றது வரலாற்றின் வேடிக்கைகளில் ஒன்று.

மிச்சமிருந்தவற்றின்மேல் பேரிடி விழுந்தது 19ஆம் நூற்றாண்டில். இம்முறை காரணம் அலட்சியம் அல்ல, நல்லெண்ணம். ஒரு பங்கின் மக்களில் பத்தில் மூன்று பேருக்காவது தேவாலயத்தில் இடம் இருக்க வேண்டும் என்று 1851இல் சட்டம் வந்தது. மக்கள்தொகை பெருகியிருந்த நேரம். சின்னஞ்சிறு மரத் தேவாலயங்கள் அந்த அளவுக்கு எட்டவில்லை. ஒவ்வோர் ஊரும் பழையதை இடித்து, அதன் மரத்தை விற்றோ பயன்படுத்தியோ, பெரியதாக வெள்ளையடித்த புதியதைக் கட்டிக்கொண்டது.

எதிர்ப்பு, இச்சட்டத்துக்கு முன்பே, ஓவியர்களிடமிருந்து வந்தது. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் வாழ்ந்த நார்வே ஓவியர் யோஹான் கிறிஸ்டியன் டால், இடிபட இருந்த, வாங் என்ற ஊரின் மரத் தேவாலயத்தைக் காக்க நாட்டுக்குள் ஆள் கிடைக்காமல், 1841இல் பிரஷ்ய அரசர் பிரெட்ரிக் வில்ஹெல்ம் IVஐ வாங்கவைத்தார். பலகை பலகையாகப் பிரித்துக் கப்பலேற்றிய அந்தத் தேவாலயம் இன்று போலந்தின் கார்பாச்சில் நிற்கிறது. டாலின் முயற்சியால் 1844இல் பழஞ்சின்னங்களைக் காக்கும் சங்கமும் உருவாயிற்று. அச்சங்கம்தான் 1877இல் போர்குண்டை வாங்கி இன்றுவரை வைத்திருக்கிறது.

போர்குண்ட் பிழைத்ததற்கு ஊராரின் ஒரு முடிவே அடிப்படைக் காரணம். 1868இல் புதிய தேவாலயம் கட்டியபோது அதைப் பழைய இடத்திலேயே கட்டாமல் பக்கத்தில் கட்டினார்கள். பழையதை இடிக்க வேண்டிய அவசரம் நீங்கிற்று. சங்கம் வந்து சேரும்வரை அது நின்றது.

எத்தனையோ முறை பழுதுபார்த்த கட்டடத்தை “அப்படியே காக்கப்பட்டது” என்று உங்கள் குறிப்பில் எழுதியிருந்தீர்கள். அது பொருந்துமா?
– சிற்பக் கலைஞர், மாமல்லபுரம்

சட்டகத்தைப் பொறுத்தவரை பொருந்தும். உள்ளமைப்பு நீங்கள் ஐயுறுவது போலத்தான். புதிய தேவாலயத்துக்கு வரைபடம் தந்த கிறிஸ்டியன் கிறிஸ்டி என்ற கட்டடக்கலைஞரே பழையதையும் சீரமைத்தார். லூத்தரன் மதச் சீர்திருத்தத்துக்குப் பின் வந்த இருக்கைகள், ஜன்னல்கள், உட்கூரை, மாடி எல்லாவற்றையும் அகற்றி, இடைக்காலத்தில் இருந்திருக்கக்கூடிய தோற்றத்துக்குக் கொண்டுவந்தார். இன்று நாம் காணும் இருண்ட வெற்றுக்கூடம் 12ஆம் நூற்றாண்டுடையது என்பதைவிட, 12ஆம் நூற்றாண்டைப் பற்றி 19ஆம் நூற்றாண்டு கொண்டிருந்த எண்ணம் என்பது கூடுதல் பொருத்தம். முந்நூறு ஆண்டு மக்கள் உட்கார்ந்து வழிபட்ட தடயங்கள் அதில் போய்விட்டன. இது இழப்புதான் என்று நான் கருதுகிறேன்.

இதன் விளைவு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். போர்குண்ட் மிக முழுமையாக எஞ்சியதால், மற்றவற்றைச் சீரமைத்தவர்கள் பலர் அதையே மாதிரியாக வைத்துக்கொண்டார்கள். ஓஸ்லோவுக்குப் பெயர்த்துச் சென்ற கோல் தேவாலயத்தில் இல்லாமற்போன பாகங்கள் போர்குண்டைப் பார்த்துச் செய்யப்பட்டவை. 1883இல் பெர்கன் அருகே பெயர்க்கப்பட்டு, 1992 ஜூன் 6 அன்று தீ வைத்து எரிக்கப்பட்டு, மீண்டும் கட்டப்பட்ட ஃபான்டாஃப்ட் தேவாலயத்தின் வெளித்தோற்றமும் அப்படியே. ஜெர்மனியின் ஹானன்கிளேயில் 1908இலும், அமெரிக்காவின் ராபிட் சிட்டியில் 1969இலும் எழுந்தவையும் போர்குண்டின் வழிவந்தவை. டிராகன் தலையும் அடுக்குக் கூரையும் எல்லா மரத் தேவாலயங்களுக்கும் பொது என்று நாம் நினைப்பதற்கு இதுவே காரணம். எஞ்சியவற்றில் பல மிக எளியவை. ஒற்றைக் கூடமும் ஒற்றைக் கூரையுமே உள்ளவை. யுனெஸ்கோ 1979இல் உலக மரபுச் சின்னமாக ஏற்றதும் போர்குண்டை அல்ல, 11ஆம் நூற்றாண்டுச் செதுக்கல்களை மறுபடி பயன்படுத்தி அடுத்த நூற்றாண்டில் கட்டிய ஊர்னெஸ் தேவாலயத்தைத்தான்.

இப்போதும் அங்கே வழிபாடு நடக்கிறதா? தீப்பிடிக்காமல் எப்படிக் காக்கிறார்கள்?
– வாசகர், தூத்துக்குடி

வழக்கமான ஞாயிறு வழிபாடு பக்கத்திலுள்ள 1868ஆம் ஆண்டுத் தேவாலயத்தில் நடக்கிறது. பழையது அருங்காட்சியகமாக இருக்கிறது. கோடைப் பருவத்தில் நுழைவுச்சீட்டு வாங்கி உள்ளே செல்லலாம். தாரில் ஊறிய பைன் மரம் எவ்வளவு வேகமாக எரியும் என்பதை 1992 காட்டிவிட்டதால், எஞ்சியவற்றில் தீயை அறியும் கருவிகளுக்கும் அணைக்கும் அமைப்புகளுக்கும் நார்வே பெரும் பணம் செலவிட்டிருக்கிறது. இடைக்கால மரத் தேவாலயங்கள் அனைத்தையும் பழுதுபார்க்கும் அரசுத் திட்டம் ஒன்று 2001 முதல் 2015 வரை நடந்தது. தாரை மட்டும் இன்றும் ஆட்கள் தூரிகை கொண்டு கையால்தான் பூசுகிறார்கள்.